கரியும் காற்றும்

உலோகத்திற்காக மனிதன் கொடுக்கும் விலையை அம்பாங் நன்கறியும். 1857ஆம் ஆண்டில் கிள்ளானை ஆண்ட இராஜா அப்துல்லா, ஈயம் தேடுவதற்கென 87 சீனத் தொழிலாளர்களை ஆற்றுவழியே அனுப்பிவைத்தார். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் கரையேறிய அவர்கள், காட்டு வழியே நடந்து அம்பாங்கை அடைந்தனர். ஒரு திங்களுக்குள் காய்ச்சல் 69 பேரைக் கொண்டுபோயிற்று. ஆயினும் பணி நிற்கவில்லை. புதிய ஆள்கள் வந்தனர். 1859இல் அம்பாங் ஈயம் விற்பனைக்குச் சென்றது. அவர்கள் கரையேறிய ஆற்றுக்கூடலே பின்னர்க் கோலாலம்பூர் மாநகராயிற்று. மாண்டவர்களின் பெயர்கள் எந்தத் தெருவிலும் பொறிக்கப்படவில்லை.

இதனைப் பழங்கதை என ஒதுக்கிவிட இயலாது. புகையில்லா மின்சாரத்தை நாடும் இக்காலத்திலும் ஓர் உலோகம் வழிமறித்து நிற்கிறது. எரிபொருள் மின்கலம் என்பது, எதனையும் கொளுத்தாமலே மின்சாரம் தரும் கருவி. ஒருபுறம் ஹைட்ரஜன், மறுபுறம் காற்றிலுள்ள பிராணவாயு; இரண்டும் வினைபுரிய மின்சாரமும் நீரும் பிறக்கின்றன. 1839இல் வில்லியம் குரோவ் என்னும் வேல்சு நாட்டு அறிஞர் இதன் முன்வடிவை அமைத்தபோதே பிளாட்டினத்தைத்தான் நாடினார். பிராணவாயு எளிதில் இணங்குவதன்று. அதன் பிணைப்பைத் தளர்த்த வல்ல வினையூக்கி வேண்டும். அப்பணியில் பிளாட்டினத்திற்கு இணையானவை மிகச் சில.

அந்த அரிய உலோகத்தின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே மாரிக்கானா என்னுமிடத்தில், 2012 ஆகஸ்டு 16ஆம் நாள், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர் 34 பேர் காவலரின் துப்பாக்கிக்கு இரையாயினர். அம்பாங்கில் காய்ச்சல் செய்ததை அங்கே குண்டு செய்தது.

உலோகமே வேண்டாத வினையூக்கி ஒன்று வாய்க்காதா என்னும் கேள்விக்கு 2009இல் நம்பிக்கையூட்டும் விடை கிடைத்தது. அமெரிக்காவில் லிமிங் டாய் குழுவினர், மயிரிழையினும் பன்மடங்கு மெல்லிய கரிக்குழாய்களில் நைட்ரஜனைப் புகுத்தி, காரக் கரைசலில் அவை பிளாட்டினத்தினும் சிறப்பாகச் செயற்படக் கண்டனர். கரியோ அடுப்படியில் கிடப்பது. நைட்ரஜனோ காற்றில் 78 விழுக்காடு நிறைந்திருப்பது. இவ்வெளிய இரண்டும் சேர்ந்து அரிய உலோகத்தின் பணியை ஏற்கின்றன!

அதன் நுட்பம் எண்ணி மகிழத்தக்கது. கரியணுக்களால் ஆன வலையில், சில கரியணுக்களின் இடத்தில் நைட்ரஜன் வந்து அமர்கிறது. எலெக்ட்ரான்களைத் தன்பால் ஈர்க்கும் இயல்பு அதற்கு மிகுதி. ஆதலால் அண்டையிலுள்ள கரியணுக்கள் சற்றே நேர்மின் தன்மை பெறுகின்றன. பிராணவாயு வந்து பற்றுவதற்கு அவை இடமாகின்றன. வந்து சேர்ந்த விருந்தினன், தன் அயலாரை ஆற்றலுடையோராக்குகிறான். பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பார்கள். அணுவுலகிலும் அது மெய்யாகிறது.

ஆயினும் பிளாட்டினம் அரியணையை விட்டு இறங்கிவிடவில்லை. மோட்டார் வண்டிகளுக்குரிய மின்கலங்களில் அமிலச் சூழலே நிலவுகிறது. அங்கே நைட்ரஜன் ஏறிய கரி பின்தங்குகிறது. நெடுநாள் உழைப்பதிலும் தளர்கிறது. இக்குறைகளைக் களையும் முயற்சியில் மலேசியாவும் பங்குகொண்டுள்ளது. அம்பாங்கிற்குத் தெற்கே, சிலாங்கூரின் பாங்கியில் அமைந்த மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் எரிபொருள் மின்கல ஆய்வுக் கழகத்தினர், நைட்ரஜன் ஏறிய கரியைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2013இல் விரிவான கட்டுரை ஒன்றினை வெளியிட்டனர்.

சந்தையில் உலோகத்திற்கு எடையும் விலையும் சொல்வார்கள். அதற்காக மடிந்தோரின் எண்ணிக்கையைச் சொல்வாரில்லை. அறிவியல் பயிலும் இளைஞன் அந்த எண்ணிக்கையையும் தன் ஏட்டில் குறித்துக்கொள்ளட்டும். எளிய கரியின்மீது ஆய்வாளர்கள் ஏன் இத்துணை ஆண்டுகள் கண்விழிக்கின்றனர் என்பது அப்போது அவனுக்கு விளங்கும்.