பற்று நோட்டில் நல்ல பெயர், சிபிலில் பெயரே இல்லை!

திருப்பூரில் கடன் இல்லாமல் தொழில் செய்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மில்லில் நூல் கடன், சாயப்பட்டறையில் கூலி பாக்கி, ஜாப் ஒர்க் செய்பவருக்குக் கம்பெனி தர வேண்டிய பாக்கி, டெய்லருக்கு மளிகைக் கடையில் பற்று. ஊரே இப்படித்தான் ஓடுகிறது. சொன்ன தேதியில் பணம் கொடுப்பவர் என்று பெயர் எடுத்துவிட்டால் காதர்பேட்டையில் ஒரு போன் போதும், சரக்கு வந்து இறங்கும். அதே ஆள் பேங்கில் போய் கிரெடிட் கார்டு கேட்டால், "உங்களுக்கு கிரெடிட் ஹிஸ்டரி இல்லையே" என்கிறார்கள். ஏன்?

பேங்க் பார்ப்பது ஊரில் உள்ள பெயரை அல்ல, கடன் தகவல் நிறுவனங்களில் உள்ள பதிவை. சிபில் 2000-ல் தொடங்கப்பட்டது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. பேங்குகளும் பதிவு பெற்ற ஃபைனான்ஸ் நிறுவனங்களும் தரும் கணக்குதான் அங்கே ஏறும். மளிகைக் கடை நோட்டும், வாரவட்டிக்காரர் நோட்டும் ஏறாது. பத்து வருடம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் பயனில்லை!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹிஸ்டரி இல்லாதது வேறு, கெட்டுப்போனது வேறு. சிபில் ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. கடனே வாங்காதவருக்கு -1 அல்லது என்.எச். என்று வரும். அது கெட்ட மார்க் அல்ல, பரீட்சையே எழுதவில்லை என்று அர்த்தம். ஆனால் பலருக்குத் தாங்கள் பரீட்சை எழுதியதே தெரியாது. இஎம்ஐயில் வாங்கிய செல்போன், மைக்ரோ ஃபைனான்ஸில் வாங்கிய குழுக் கடன், நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாமே பதிவாகும். அதனால் முதல் வேலை, ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பது. வருடத்துக்கு ஒரு முறை நான்கு நிறுவனங்களும் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தப்பான பதிவு இருந்தால் புகார் கொடுத்துத் திருத்தலாம்.

கார்டு இல்லாவிட்டால் குடி முழுகிவிடுமா என்று கேட்கலாம். ஜூன் மாதம் ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டியவரைக் கேட்டுப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய் வாரக் கடன் என்றால், ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் வரும். வாரம் ஆயிரம் வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். பார்க்க 10 சதவீதம் போலத் தெரியும். அசல் வாராவாரம் குறைவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருட வட்டி சுமார் 100 சதவீதம்!

சரி, வழி என்ன?

பேங்கில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு, அதன் பேரில் கார்டு வாங்குவதுதான் சுலபமான வழி. டெபாசிட்டே ஈடு என்பதால் ஹிஸ்டரியைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, ஸ்கோர் கெட்டவருக்கும் பல பேங்குகள் கொடுக்கின்றன. உதாரணத்துக்கு, 20,000 ரூபாய் டெபாசிட்டுக்கு 80 சதவீதம் லிமிட் என்றால் 16,000 ரூபாய். டெபாசிட்டுக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள், அதாவது 4,800 ரூபாய்க்குள் செலவு செய்து முழுத் தொகையையும் கட்டி வந்தால், சில மாதங்களில் ஸ்கோர் உருவாகிவிடும். கார்டு கிடைக்கவில்லை என்று பேங்க் பேங்காக அப்ளிகேஷன் போடாதீர்கள். ஒவ்வொரு விசாரணையும் பதிவாகி, ஸ்கோரைக் குறைக்கும்.

இன்னொரு செய்தி. முதன்முறை கடன் கேட்பவரை ஹிஸ்டரி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சகம் நாடாளுமன்றத்திலும் இதைத் தெரிவித்தது. ஆனால் வருமானத்தைப் பார்த்து மறுக்க பேங்குக்கு உரிமை உண்டு. எனவே சம்பளத்தைக் கவரில் வாங்காமல் பேங்க் கணக்கில் வாங்குவது நல்லது.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், பனியன் கம்பெனியில் சம்பளம் வாரம், கார்டு பில் மாதம். நான்கு சனிக்கிழமை சம்பளமும் செலவான பிறகு பில் வந்து நிற்கும். "மினிமம் டியூ" மட்டும் கட்டினால் மீதிக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் வட்டி, வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. அப்புறம் வாரவட்டிக்காரரிடமிருந்து தப்பித்து என்ன பிரயோஜனம்? இதற்கு ஒரு எளிய வழி உண்டு. பில் வரும் வரை காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்த வாரம் தேய்த்த தொகையை அந்தச் சனிக்கிழமையே கட்டிவிடலாம். கார்டில் ரொக்கம் எடுப்பதை மட்டும் மறந்துவிடுங்கள். முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியதையும், 2020-ல் ஊரடங்கில் மெஷின்கள் நின்றதையும் திருப்பூர் பார்த்திருக்கிறது. ஆர்டர் நின்றாலும் பில் நிற்காது. 2020-ல் ஆறு மாதம் தவணை தள்ளிவைக்க அனுமதி கிடைத்தபோதுகூட கார்டு பாக்கிக்கு வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. வேலை இருக்கும்போதே சின்னத் தொகையில் பழகி, நல்ல பதிவு ஒன்றைச் சேர்த்து வைத்துக்கொண்டால், வேலை இல்லாத மாதத்தில் பத்து வாரக் கடன்காரர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை.