அப்பா, உங்களுக்கு யாரு கையெழுத்துப் போடுவா?

கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோ காபியோ போட்டுட்டு வந்து உக்காந்து படிங்க. நடுவுல தற்கொலை எண்ணம் பத்தியும் பேசுறேன். இன்னைக்கு மனசு சரியில்லைன்னா நேரா கடைசிக்குப் போயிடுங்க, அங்க ரெண்டு நம்பர் இருக்கு.

என் மகளுக்கு 16 வயசு. பிளஸ் ஒன் படிக்கிறா. போன மாசம் என்சிசி கேம்ப் போயிட்டு வந்தா. அங்க பாயின்ட் டூ டூ ரைபிள்ல சுட வச்சிருக்காங்க. அஞ்சு ரவுண்டு. அஞ்சும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள்ள விழுந்திருக்கு. வந்த நாள்ல இருந்து வீட்டுல வேற பேச்சே கிடையாது.

எங்களுக்கு வைகை அணையில இருந்து வருசநாடு போற ரோட்டுல கொஞ்சம் நிலம் இருக்கு. கடலை, சோளம், ஓரத்துல தென்னை. அந்தப் பக்கம் நிலம் வச்சிருக்கிற யாரையும் கேளுங்க, காட்டுப்பன்னின்னு ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் பேசுவாங்க. ராத்திரி ஒரு கூட்டம் இறங்குனா காலையில கடலைக்காடு ஏர் ஓட்டுன மாதிரி கிடக்கும். தென்னங்கன்னைக் குருத்தோட தோண்டிப் போட்டுரும்.

அதுக்காக எங்கப்பா 1980கள்லயே பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் வாங்குனவர். பன்னெண்டு போர், ஒத்தக்குழல். இப்ப அவருக்கு 78 வயசு, கண்ணுல ரெண்டு பக்கமும் ஆபரேஷன் ஆயிடுச்சு. துப்பாக்கி வீட்டுல இல்ல. மதுரையில லைசென்ஸ் உள்ள ஒரு ஆயுதக் கடையில பாதுகாப்புக்குக் குடுத்து வச்சிருக்கார். வருஷா வருஷம் அதுக்குக் காசும் கட்டுறார். ஏன் வீட்டுக்கு எடுத்துட்டு வரலைன்னு நான் கேட்டதில்ல. வயசாயிடுச்சு, சோம்பல்னு நினைச்சுக்கிட்டேன்.

மகள் என்ன கேட்டாள்னா, அந்த லைசென்ஸை என் பேருக்கு மாத்தணுமாம்.

சும்மா அடம் பிடிக்கலைங்க. வக்கீல் மாதிரி படிச்சிட்டு வந்துட்டா. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அணைக்குப் போயிருந்தோம். பூங்காவைச் சுத்திட்டு வெளிய மீன் வறுவல் கடையில உக்காந்தப்போ நோட்டை எடுத்தா.

"அப்பா, 1959 ஆயுதச் சட்டப்படி 21 வயசு ஆகாம லைசென்ஸ் கிடையாது. அதனால எனக்குக் கேக்கல. ஆனா லைசென்ஸ்காரருக்கு 70 வயசு தாண்டிட்டா வாரிசு பேருக்கு மாத்திக்கலாம்னு 2016 விதிகள்ல இருக்கு. தாத்தாவுக்கு 78. நீங்கதான் வாரிசு. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கணும், போலீஸ் விசாரணை வரும், உங்க மேல ஒரு கேஸும் இல்ல. அஞ்சு வருஷத்துக்கு லைசென்ஸ். அவ்ளோதான்."

"தாத்தா என்ன சொன்னாரு?"

"உங்க அப்பன் சம்மதிச்சா பாப்போம்னாரு."

நான் என் பங்குக்கு ஆரம்பிச்சேன். பன்னியைச் சுட முடியாது பாப்பா, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு. கையில லைசென்ஸ் இருக்குங்கிறதுக்காக நாம சுட்டா ஜெயிலு. 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு சொன்னது கூட வனத்துறை சுடுறதைப் பத்தித்தான். காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது. 1 முதல் 3 வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். 3 தாண்டினாத்தான் வனத்துறைக்காரங்க சுடலாம். நம்ம மேகமலைப் பக்கம் 2021ல இருந்து புலிகள் காப்பகம் வேற.

"சுட வேணாம்பா. வானத்தைப் பாத்து ஒரு வெடி. ஓடிடும்ல."

"அதுக்கு பட்டாசு போதுமே."

"சரி, பன்னியை விடுங்க. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்ல டிராப் சுட்டார்ல, அதுவும் பன்னெண்டு போர்தான். நான் 21 ஆகுறப்ப நம்மகிட்ட ஒரு துப்பாக்கி இருக்கணும்ல?"

வயக்காட்டுத் துப்பாக்கியை வச்சு ஒலிம்பிக் சுட முடியாதும்மான்னு சிரிச்சேன். அவ சிரிக்கல. நோட்டைப் புரட்டிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டா.

"மனுவோட டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணு வைக்கணும்னு போட்டிருக்கு. உடம்பும் மனசும் நல்லா இருக்கு, போதைப் பழக்கம் இல்லன்னு. நீங்கதான ஊர்ல எல்லாருக்கும் அந்தக் கையெழுத்துப் போடுறீங்க. உங்களுக்கு யாருப்பா போடுவா?"

எனக்கு மீன் தொண்டையில நின்னுருச்சு.

ஆமா, நான் அந்த சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடுற டாக்டர்தான். பார்வை பாப்பேன், கை நடுங்குதான்னு பாப்பேன், பிரஷர் பாப்பேன். "மன உளைச்சல் ஏதும் இருக்காண்ணே?"ன்னு கேப்பேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்"ம்பாங்க. போட்டுருவேன். அஞ்சு நிமிஷ வேலை. அதே கேள்வியை 2021 மே மாசம் யாராவது என்னைக் கேட்டிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கோவிட் ரெண்டாவது அலை ஞாபகம் இருக்கா? எனக்கு அது ஆக்சிஜன் அளவு காட்டுற மிஷினோட சத்தமாத்தான் ஞாபகம் இருக்கு. கூடப் படிச்ச ஒருத்தனை நானே பாத்தேன், காப்பாத்த முடியல. வீட்டுல பரவிடக் கூடாதுன்னு மனைவி, மகளை மாமியார் வீட்டுல விட்டுட்டு, நான் அப்பா வீட்டு முன்ரூம்ல தனியாத் தங்கியிருந்தேன். தூக்கம் போச்சு. சாப்பாடு போச்சு. அழுகை கூட வரல. "டயர்டு"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

ஒரு ராத்திரி டூட்டி முடிச்சு வந்தேன். அந்த ரூம்லதான் அப்பாவோட மர பீரோ. சாவி எங்க இருக்கும்னு சின்ன வயசுல இருந்தே தெரியும். இதுக்கு மேல விவரம் வேணாம். பீரோவைத் திறந்தேன். காலியா இருந்துச்சு.

அந்த வருஷம் ஏப்ரல் 6 சட்டசபைத் தேர்தல். எலெக்‌ஷன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்ல, அப்பாவும் ஒப்படைச்சிருந்தார். தேர்தல் முடிஞ்சு, மே 10ல இருந்து முழு ஊரடங்கு. அவர் போய்த் திரும்ப வாங்கல. அவ்வளவுதான் நடந்தது. எந்த சாமியும் வந்து கையைப் பிடிக்கல.

காலி பீரோ முன்னாடி எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியாது. உள்ள இருந்து அப்பா, "யாருப்பா, வந்துட்டியா? சுடுதண்ணி வச்சிருக்கேன், குளி"ன்னார். குளிச்சேன். படுத்தேன். விடிஞ்சுது. காலையில அந்த எண்ணம் பாதியாக் குறைஞ்சிருந்தது. மனநல மருத்துவரான ஒரு நண்பனுக்கு போன் பண்ணினேன். எட்டு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். இன்னைக்கு நல்லா இருக்கேன்.

இப்ப டாக்டரா பேசுறேன். தற்கொலைன்னா ரொம்ப நாள் யோசிச்சு எடுக்கிற முடிவுன்னு நாம நினைக்கிறோம். நிறைய பேருக்கு அப்படி இல்ல. பிழைச்சு வந்தவங்களைக் கேட்டு நடத்துன ஆய்வுகள்ல, ஏறக்குறைய பாதிப் பேர் எண்ணம் வந்து பத்து நிமிஷத்துக்குள்ளேயே முயற்சி பண்ணியிருக்காங்க. அந்தப் பத்து நிமிஷத்துல கைக்கு எட்டுற தூரத்துல என்ன இருக்குங்கிறதுதான் உயிரைத் தீர்மானிக்குது. துப்பாக்கின்னா பத்துல ஒம்போது பேர் பிழைக்கிறதில்ல. ஆனா ஒரு தடவை பிழைச்சுட்டவங்கள்ல பத்துல ஒம்போது பேர் பின்னாடி தற்கொலையால சாகுறதில்ல. இந்த ரெண்டையும் சேர்த்துப் படிங்க.

"ஒரு வழியை அடைச்சா இன்னொரு வழி தேடுவாங்க"ன்னு சொல்லுவாங்க. எல்லாரும் தேடுறதில்ல. 2006ல இஸ்ரேல் ராணுவம், வாரக்கடைசியில வீட்டுக்குப் போற சிப்பாய்கள் துப்பாக்கியை முகாம்லயே வச்சிட்டுப் போகணும்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் சிப்பாய்கள் தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைஞ்சுது. பக்கத்துல இலங்கை. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொண்ணாத் தடை பண்ணினாங்க. 1995க்கு அப்புறம் 20 வருஷத்துல தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைஞ்சுது. அந்த மக்களோட கஷ்டம் எல்லாம் தீர்ந்துருச்சா? இல்ல. எண்ணம் வந்த நேரத்துல கொடிய விஷம் கைக்கு எட்டல.

இதை எல்லாம் அன்னைக்கு மகள்கிட்ட சொன்னேன், மீன் கடையில வச்சு இல்ல. அணைப் பாலத்துல நடந்துக்கிட்டே சொன்னேன். சொல்லலாமா வேணாமான்னு ரொம்ப யோசிச்சேன். "துப்பாக்கி ஆபத்து, நீ சின்னப் பிள்ளை"ன்னு சொல்லி முடிச்சிருக்கலாம். ஆனா அது பொய். நான் பயந்தது அவளுக்காக மட்டும் இல்ல. அவ இவ்வளவு நேர்மையா நோட்டு போட்டு வாதாடுறப்ப, நான் மட்டும் பொய்க் காரணம் சொல்றது தப்புன்னு பட்டுச்சு.

ரொம்ப நேரம் பேசல. கையைப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம், "உங்க பேருக்கு வேணாம்பா. தாத்தாகிட்ட நானே சொல்லிடுறேன்"னா.

அப்பாகிட்ட நான்தான் சொன்னேன். நாலு வருஷத்துக்கும் மேல மறைச்ச விஷயம். வெத்தலையை மடிச்சுக்கிட்டே கேட்டார். "தெரியும்ப்பா. அன்னைக்கு பீரோ திறக்குற சத்தம் கேட்டுச்சு. அதான் ஸ்டேஷன்ல இருந்து நேரா கடையில குடுத்துட்டேன்"னார். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. இப்ப முறைப்படி லைசென்ஸை சரண்டர் பண்ண மனு குடுத்திருக்கார்.

மகள் கேட்டதை முழுசா மறுக்கல. சுடுறதுல அவளுக்குத் திறமை இருக்கு, அது நிஜம். கிளப்புல மேற்பார்வையில பயிற்சி எடுக்க 21 ஆகணும்னு இல்ல. குறிப்பிட்ட சக்திக்குள்ள இருக்கிற 0.177 ஏர் ரைபிளுக்கு லைசென்ஸும் தேவையில்ல. மனு பாக்கர் பாரிஸ்ல ரெண்டு வெண்கலம் வாங்குனது ஏர் பிஸ்டல்லதான். ஞாயித்துக்கிழமைதோறும் மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். ரைபிள் கிளப் அலமாரியிலேயே இருக்கும், வீட்டுக்கு வராது. இது அவளே போட்ட கண்டிஷன்.

உங்களுக்கு மூணு வேண்டுகோள்.

ஒண்ணு, வீட்டுல துப்பாக்கி இருந்தா துப்பாக்கி வேற, தோட்டா வேற இடத்துல, ரெண்டும் பூட்டுக்குள்ள. யாருக்காவது மனசு சரியில்லைன்னா லைசென்ஸ் கடையில குடுத்து வைங்க. வெக்கமே இல்ல.

ரெண்டு, நம்ம தேனி, கம்பம் பக்கம் துப்பாக்கியை விடப் பூச்சிமருந்துதான் அதிகம் உயிரைக் குடிக்குது. அடுக்களையில, கட்டிலுக்கு அடியில வைக்காதீங்க. பூட்டுங்க. மிச்சத்தைச் சேத்து வைக்காதீங்க.

மூணு, வைகை அணைக்கு 71 அடி கொள்ளளவு. ஆனா 66 அடி வந்ததுமே முதல் வெள்ள எச்சரிக்கை விடுவாங்க. 68.5ல ரெண்டாவது, 69ல மூணாவது. 71 வரட்டும் பாக்கலாம்னு யாரும் உக்காந்திருக்கிறதில்ல. தூக்கம் போறது, சாப்பாடு போறது, அழக்கூட முடியாம மரத்துப் போறது, இதெல்லாம் 66 அடி. அப்பவே சொல்லுங்க.

டெலி மனாஸ் 14416. தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104. ரெண்டும் 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

இப்பல்லாம் அந்த சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட எனக்கு அரை மணி நேரம் ஆகுது. "தூக்கம் எப்படிண்ணே?"ன்னுதான் ஆரம்பிக்கிறேன். போன வாரம் ஒருத்தர் பதில் சொல்லாம அழுதுட்டார். கையெழுத்துப் போடல. சேர்ந்து டீ குடிச்சோம். அடுத்த நாள் மனநல மருத்துவரைப் பாக்க நானே கூட்டிட்டுப் போனேன்.