பாட்டனார் வண்டியும் புகைச் சோதனையும்

எம் பாட்டனார் ஓட்டிய 1986-ஆம் ஆண்டு அம்பாசடர் வண்டியைப் புகைச் சோதனைக்குக் கொண்டு சென்றோம். அத்துணைப் பழைய பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு நூற்றுக்கு 3 பங்குவரை பொறுக்கப்படும், எமதோ 5.2 காட்டிற்று. “கொஞ்சம் கூடக் கொடுங்கள் ஐயா, சான்று தந்துவிடுகிறேன்” என்றார் ஆங்கிருந்தவர். எம் தந்தையார் மறுமொழி கூறாது நின்ற அச்சிறு பொழுது எமக்கு நெடிதாயிற்று. பின்னர் வண்டியைத் திருப்பினார்.

பணிமனை முதியவர் காற்று வடிகட்டியைக் கழற்றினார். அம்மம்ம, எத்துணைத் தூசி! காற்றுக் குறைந்தால் பெட்ரோல் முற்றும் எரியாது, நச்சுவாயு மிகும். புதியதொன்றை மாட்டி, கார்புரேட்டரின் திருகினை மயிரளவாகத் திருப்பி, ஒலியைச் செவியால் அளந்தார். என்ஜின் நன்கு சூடேறிய பின்னரே சோதிக்கச் சொன்னார்.

மறுமுறை 2.4. இப்பொழுது வண்டி நிற்குங்கால் சற்றே நடுங்குகின்றது. பாட்டனார் இருந்திருப்பின் எம்மை ஏசியிருப்பார்.