சிவந்த கண் சொன்ன செய்தி

பழைய மாணவர் சங்க விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென நண்பர்கள் கேட்டபோது, தமிழாசிரியனாகிய நான் இலக்கியம் பற்றியே எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயின், பார்வையை இழந்துவிடுவேனோ என அஞ்சிய சில வாரங்களின் அனுபவத்தையே எழுதத் துணிந்தேன். பிறர்க்குப் பயன்படுமாயின் அதுவே போதும்.

வெள்ளவத்தையிற் புகையிரதம் ஏறி இரத்மலானைக்கு வருவது என் வழக்கம். ஒருநாட் காலை, கடலின் ஒளி வலக்கண்ணில் ஊசியாய்க் குத்திற்று. கண் சிவந்திருந்தது, பீளை இல்லை, பார்வை புகை படிந்தாற்போல மங்கிற்று. ஊரிற் பரவும் கண்ணோயென்று கருதி, வீட்டில் எஞ்சியிருந்த சொட்டு மருந்தை ஐந்து நாள் விட்டேன். ஆறாம் நாள் மாணவரின் விடைத்தாளை வாசிக்க இயலவில்லை. அன்றே கண் மருத்துவரை நாடினேன்.

அவர் கருவியினூடே நோக்கிவிட்டு, "இது வெளிக்கண்ணின் நோயன்று, உள்ளே கதிராளியில் அழற்சி" என்றார். அடுத்து அவர் வினவியதே என்னை வியப்பில் ஆழ்த்தியது: "மாஸ்ரர், காலையில் எழும்பும்போது முதுகு விறைத்திருப்பதுண்டோ?"

உண்டு, பல்லாண்டுகளாக உண்டு. நடமாடினால் தணியும் அவ்வலியை, வகுப்பில் நின்று கற்பித்ததன் கூலியென்றே கருதி வந்தேன். குருதிப் பரிசோதனையில் எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபுக்கூறு காணப்பட்டது. முள்ளந்தண்டை இறுகச்செய்யும் வாதத்தோடு இக்கூற்றுக்குள்ள தொடர்பு 1973 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கதிராளி அழற்சியோடும் இதற்குத் தொடர்புண்டு. எனினும், இக்கூறு உடையோரிற் பெரும்பாலார்க்கு நோய் வருவதேயில்லை.

இந்நோய்க்குக் காரணம் ஒன்றன்று என்றும் மருத்துவர் விளக்கினார். காசநோயும் அக்கியும் இதனை உண்டாக்கலாம். மதுரையில் 1993 ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின்னர், 1994 இல் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இத்தகைய நோயாளர் பலர் வந்தனர். ஆராய்ந்தபோது எலிக்காய்ச்சற் கிருமியே ஏதுவெனத் தெரிந்தது. காய்ச்சல் நீங்கிப் பல நாட் சென்ற பின்னரும் கண்ணைத் தாக்கவல்லது அக்கிருமி. நம் நாட்டு வயல்களிலும் அக்காய்ச்சல் உண்டன்றோ? எத்துணை தேடினும் காரணம் புலப்படாத நோயாளரும் பலர். "என்ன பாவம் செய்தோமோ" என்று என் தாயார் கலங்கினார். நோய் பாவத்தின் பயனன்று என அவரைத் தேற்றினேன்.

மருத்துவர் ஸ்டீரொயிட் சொட்டு மருந்தும், கதிராளி வில்லையோடு ஒட்டாதிருக்கக் கண்மணியை விரிக்கும் மருந்தும் தந்தார். சிவப்பு மாறியதும் நானாகவே அவற்றை நிறுத்தினேன், நோய் திரும்பிற்று. படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது. தாமாகவே வாங்கி நெடுநாள் விடுவோர்க்கோ, கண்ணின் அழுத்தம் கூடுவதற்கும் வில்லை மங்குவதற்கும் அதுவே ஏதுவாகலாம்.

இப்பொழுது பார்வை தேறிவிட்டது. எனினும் கதிராளி ஓரிடத்தில் வில்லையோடு ஒட்டியபடியே நிற்கிறது. அது என் தாமதத்துக்கு நான் கொடுத்த விலை.

பெற்றோராகிவிட்ட பழைய மாணவர்க்கு ஒன்று கூறுவேன். கண் சிவந்து, வலித்து, ஒளிக்குக் கூசுமாயின் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். மூட்டுவாதமுள்ள சிறுவர்க்குக் கண் சிவக்காமலே இந்நோய் வரக்கூடும். ஆதலின் அவர்தம் கண்களைக் காலந்தோறும் பரிசோதிப்பியுங்கள். மருத்துவர் முதுகைப் பற்றியும் மூட்டைப் பற்றியும் வினவினால் வியவாது விடை கூறுங்கள். கண்ணில் தோன்றும் நோயின் வேர் உடலின் வேறிடத்தில் இருத்தல் கூடும்.