ஒரு பால்ரஸ் குண்டின் ஆயுள்

பழைய சைக்கிளைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் "அந்தக் காலத்து இரும்பே வேற" என்பதில்தான் வந்து நிற்கும். 28 அங்குலச் சக்கரமும் ராடு பிரேக்குமாக வந்த கறுப்பு சைக்கிள் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போனது, இன்றைய கியர் சைக்கிளோ மூன்று நான்கு வருடத்தில் பாகம் பாகமாகக் கழன்றுவிடுகிறது என்று அது நீளும். இந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை இரும்பில் தேடுவது தவறு என்று நினைக்கிறேன். பாகத்துக்குப் பாகம் எடுத்துப் பார்த்தால் இன்றைய உலோகமும் வேலைப்பாடும் பெரும்பாலும் பழையதைவிட மேல்தான். பழைய சைக்கிள் நெடுநாள் உழைத்ததற்கு முக்கியமான காரணம், ஒன்று தேய்ந்துபோனால் அதற்காகத் தூக்கி எறிய வேண்டியிருந்த பொருள் மிகச் சிறியது என்பதே.

பெடல் அச்சை எடுத்துக்கொள்ளலாம். கறுப்பு சைக்கிளில் அது ஒரு பிபி ஆக்சில், இரண்டு கப், பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குல பால்ரஸ் குண்டுகள், கிராங்கை அச்சோடு இறுக்க இரண்டு காட்டர் பின். அவ்வளவுதான். மழைத் தண்ணீரும் புழுதியும் உள்ளே போகும், கிரீஸ் கறுத்துக் குழம்பாகும், மிதிக்கும்போது ஆட்டம் கொடுக்கும். ஓவராயிலுக்கு விட்டால் கடைக்காரர் எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுவார். பழுதான குண்டுகளை எறிந்துவிட்டுப் புதியவற்றைக் கிரீஸில் பதித்து, கப்பைத் திருகி ஆட்டத்தை எடுத்துவிடுவார். அச்சில் தடம் விழுந்திருந்தால் அச்சு மட்டும் மாறும். சோனிபட்டில் செய்த அட்லஸானாலும் லூதியானாவில் செய்த ஹீரோவானாலும் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸானாலும் குண்டும் செயினும் ஒரே டப்பாவிலிருந்துதான் வந்தன. இன்றைய சைக்கிளில் அதே இடத்தில் சீல் வைத்த பேரிங் உட்கார்ந்திருக்கிறது. அது யாரும் கை வைக்காமலே பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடும், மழைக்கும் தாங்கும். இதை மறுக்க முடியாது. ஆனால் போகும்போது முழுசாகப் போகும். உள்ளே கெட்டது ஒரே ஒரு குண்டாக இருந்தாலும் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு அதே அளவு கிடைக்கவும் வேண்டும். பிரேமில் மரையிட்டுத் திருகுவது ஒரு வகை, அழுத்திச் செருகுவது இன்னொரு வகை, 24 மி.மீ. அச்சுக்கு ஒன்று, 30 மி.மீ. அச்சுக்கு வேறொன்று. இவை எல்லாவற்றையும் ஒரு சின்ன ஊர்க் கடை எப்படி வாங்கி அடுக்கும்?

கிராங்கிலும் இதே மாற்றத்தைப் பார்க்கலாம். காட்டர் பின் தேய்ந்தால் 'டொக் டொக்' என்று சத்தம் போட்டு முன்கூட்டியே சொல்லிவிடும். தட்டி எடுத்துப் புதுப் பின்னை அடித்துவிடலாம். எடையைக் குறைப்பதற்காக இன்று கிராங்கை உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்கிறார்கள். சில மாதிரிகளில் இரு பாதிகளைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். 2012 ஜூனுக்கும் 2019 ஜூனுக்கும் இடையில் ஷிமானோ செய்த சில கிராங்குகளில் அந்த ஒட்டு பிரியத் தொடங்கியது. 4,519 புகார்கள் வந்த பிறகு, 2023 செப்டம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்றவற்றில் சுமார் 7,60,000 கிராங்குகளைச் சோதித்து, பழுதானவற்றை மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. விற்ற எண்ணிக்கையோடு பார்த்தால் பிரிந்தவை சிறு பங்குதான். பெரும்பாலானவை இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு உறுத்துவது வேறு. அப்படிப் பிரிந்த ஒரு கிராங்கை எந்த ஊர் மெக்கானிக்காலும் எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது. தவறு நேர்ந்தால் அதைத் திருத்தும் வழி பாகத்துக்குள்ளேயே அடைபட்டுவிட்டது.

செயினின் கதை இன்னும் நுட்பமானது. 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருவாக்கிய உருளைச் செயினின் அமைப்பைத்தான் இன்றைய சைக்கிள்களும் பின்பற்றுகின்றன. கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம் என்ற கணக்கு நெடுங்காலமாக மாறவில்லை. அகலம்தான் குறைந்துகொண்டே வந்தது. பின்னால் ஐந்து பல்சக்கரம் இருந்த நாளில் வெளி அகலம் 8 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டு பல்சக்கரத்துக்கு ஓடும் செயின் 5 மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். மெலிந்ததால் சீக்கிரம் தேய்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் அது நியாயமாகாது. உருக்கும் மேற்பூச்சும் மேம்பட்டிருப்பதால் மெல்லிய செயின்களும் நன்றாகவே உழைக்கின்றன. குறைந்திருப்பது தேய்மானத்தைப் பொறுத்துக்கொள்ளும் தன்மை. ஒற்றைப் பல்சக்கர சைக்கிளில் செயின் நீண்டு தொய்ந்தால் பின் சக்கரத்தைக் கொஞ்சம் இழுத்துக் கட்டி இன்னும் பல மாதம் ஓட்டலாம். பன்னிரண்டு பல்சக்கரம் உள்ள இடத்தில் 12 அங்குல நீளத்துக்கு ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டாலே செயினை மாற்ற வேண்டும். தவறினால் அது பல்லையும் தின்றுவிடும். தினமும் ஓட்டுபவர் மிதிப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று பல்சக்கரங்களைத்தான். அவை தேய்ந்ததும், ஆணியடித்து ஒன்றாக இணைத்த பெரிய தொகுதி முழுவதும் போகிறது, தொடாத பற்களோடு சேர்த்து. 1970களில் ஐரோப்பிய, ஜப்பானியக் கடைகள் பலவற்றில் பல்சக்கரங்களைத் தனித்தனியாகப் பலகையில் மாட்டி விற்றார்கள். தேய்ந்ததை மட்டும் வாங்கிப் போகலாம்.

எஞ்சி நிற்கும் பழைய சைக்கிள்களை மட்டும் பார்த்துப் பழையதைப் புகழ்கிறோம், உடைந்தவை எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு சரிதான். பிரான்ஸின் சிம்ப்ளெக்ஸ் 1960களில் பிளாஸ்டிக்கில் செய்த கியர் மாற்றிகள் விரிசல் விட்டன. இங்கிலாந்தின் வைகவுண்ட் சைக்கிள்களில் வந்த அலுமினிய முன் ஃபோர்க்குக்கு ஆட்கொல்லி என்றே பெயர். மரையில் திருகும் பழைய ஃப்ரீவீலில் பேரிங் உள்ளே தள்ளி இருந்ததால் பின் அச்சு அடிக்கடி வளைந்தது, முறிந்தது. 1978இல் ஷிமானோ கொண்டுவந்த ஃப்ரீஹப் பேரிங்கை அச்சின் ஓரத்துக்கு நகர்த்தி அந்தத் தொல்லையைத் தீர்த்தது. துருப்பிடிக்காத இன்றைய ஸ்போக்குகள் பழைய முலாம் பூசியவற்றைவிட எவ்வளவோ உறுதி. பழைய இரும்பு ரிம் தேயாது என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். மழையில் நனைந்த அந்த ரிம்மை பிரேக் கட்டை பிடிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரிம்மின் ஆயுளுக்காக ஓட்டுபவரின் ஆயுளைப் பணயம் வைப்பதை நான் உழைப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கறுப்பு சைக்கிள் 20 கிலோவைத் தாண்டும். ஒற்றைப் பல்சக்கரத்தில் மேடேறத் திணறும் முதியவருக்கும் முழங்கால் வலிக்காரருக்கும் எடை குறைந்த கியர் சைக்கிள் பெரிய விடுதலை. கொஞ்சம் சீக்கிரம் தேய்ந்தால்தான் என்ன? தவிர, மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலி ஒரு பேரிங்கின் விலையைத் தாண்டும் நாடுகளில் குண்டு மாற்றி உட்கார்ந்திருப்பது யாருக்கும் கட்டாது. இரண்டும் உண்மை. இரண்டாவதற்கு என்னிடம் முழு விடை இல்லை: கூலி உயரும் எந்த ஊரிலும் பழுது பார்ப்பது சிரமப்படும், அது சைக்கிளோடு நிற்பதில்லை. முதல் கேள்விக்கு விடை உண்டு. கியரும் நீண்ட ஆயுளும் ஒன்றாக இருக்க முடியாதவை அல்ல. ஸ்டர்மி ஆர்ச்சர் நாட்டிங்காமில் 1936இல் தொடங்கிய ஏடபிள்யூ மூன்று கியர் ஹப்கள் பல, மேலே பொறித்த ஆண்டு அழியாமல் இன்னும் சுழல்கின்றன; உள்ளே ஒரு ஸ்பிரிங் போனால் அந்த ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாம். 1998இல் ஜெர்மனியின் ரோலாஃப் 14 கியரை ஒரே ஹப்புக்குள் அடைத்தது. அது கேட்பது 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றம். விலை அதிகம்தான், ஆனால் இன்றைய பொறியியல் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

விலை குறைவாகவும் முடியும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் சுமார் 24,000 சைக்கிள்களைக் கொடுத்துத் தொடங்கியது வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பு. தொடங்கியவர்களில் ஒருவரான எஃப். கே. டே, பன்னிரண்டு பல்சக்கர கியர்களை விற்கும் ஸ்ராம் நிறுவனத்தின் நிறுவனர்களிலும் ஒருவர். அந்த அமைப்பு அடுத்து ஆப்பிரிக்காவுக்குப் போனபோது, பழைய கறுப்பு சைக்கிளின் உருவிலேயே அங்கே கிடைத்த மலிவு சைக்கிள்கள் அந்தச் சாலைகளுக்கும் சுமைகளுக்கும் ஈடுகொடுக்கவில்லை. உருவத்தில் பழையதாக இருந்தால் போதாது என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்? அவர்களே பஃபலோ என்ற சைக்கிளை வடிவமைத்தார்கள். எடை சுமார் 23 கிலோ, கேரியரில் 100 கிலோ ஏற்றலாம், பிரேக் பின் ஹப்புக்குள். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் உதிரிகள் பொருந்தும்படி அளவுகள் வைத்தார்கள். ஊர் ஊராக மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். மேடேறுவதற்காக அண்மையில் அதற்கு இரண்டு கியர் சேர்த்தபோது கேபிளும் வைக்கவில்லை, செயினைத் தள்ளும் கையும் வைக்கவில்லை. அகலமான இரண்டு செயின்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. பெடலைக் கொஞ்சம் பின்னால் மிதித்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். வழியில் ஒரு செயின் அறுந்தாலும் மற்றதில் மிதித்து வீடு போய்ச் சேரலாம்.