முழங்காலும் இரு கிளச்சும்

இருபதாண்டுகள் என்னைச் சுமந்த மாருதி 800 வண்டியை விற்று, 2014 ஆம் ஆண்டின் ஹொண்டா பிட் ஒன்றை வாங்கினேன். ஆடம்பரங் கருதியன்று, இடது முழங்கால் கிளச்சு மிதிக்க மறுத்துவிட்டது. மாதந்தோறும் மனைவியை ஏறக்குறைய 40 கிலோமீற்றர் கடந்து மட்டக்களப்பு வைத்தியசாலைக்கு வேறு யார் அழைத்துச் செல்வர்? 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீளத் திறந்ததாயினும், புத்தம்புதிய வண்டியின் விலை ஓய்வூதியர்க்கு எட்டுவதோ!

இதில் கிளச்சு இரண்டு. மிதிக்கும் கட்டை ஒன்றுமில்லை. ஒற்றை எண் கியர்கள் ஒரு தண்டிலும் இரட்டை எண் கியர்கள் மற்றதிலும் அமைய, ஒன்று இழுக்கையில் அடுத்தது ஆயத்தமாய்க் காத்திருக்கும். மாற்றம் நிகழ்வதே தெரியாது. எனினும் 2013 செப்டெம்பரில் ஜப்பானில் வெளிவந்த இவ்வினத்தை ஓராண்டுக்குள்ளேயே பலமுறை திருப்பியழைத்து, கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்தினர். சாய்ந்தமருது மெக்கானிக் கணினியைப் பொருத்தி, அத்திருத்தங்கள் ஏற்றப்பட்டனவா எனப் பார்த்த பின்னரே தலையசைத்தார்.

“சேர், சனத்துக்க ஊர்ந்து ஊர்ந்து போகப்படா. இடம் விட்டு நின்டு, பிறகு எடுங்க” என்றார். காரணமும் உண்டு. இவை எண்ணெயில் ஊறாத உலர் கிளச்சுகள். மின்கலத்தில் சக்தி குன்றிய வேளை அரைகுறையாய்ப் பற்றி ஊர்ந்தால் சூடேறும். ஜும்ஆ கலையும் நேரத்துக் கல்முனைக் கடைத்தெருவை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. யான் நின்று நின்றே செல்கிறேன்; பின்னால் வரும் முச்சக்கர வண்டிக்காரர் ஒலியெழுப்பட்டும்.

மாருதியை வாங்கியவர் சம்மாந்துறை இளைஞர். கிளச்சுத் தட்டை முதலில் மாற்றுமாறு சொல்லியே சாவியைக் கொடுத்தேன்.