பாணன் வந்த சாலை

விடியற்காலையில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில் ஏறினால், ஏதாவது ஓர் இருக்கைக்குக் கீழே காலி அன்னக்கூடை கிடக்கும். மீன் எடுக்கப் போகிற அம்மாவின் கூடை அது. பஸ் நேர் கிழக்கே போகும். சூரியன் ஓட்டுநரின் முகத்துக்கு எதிரே ஏறும். ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான் தூரம். ஏரிக்கரை, கரும்பாறை, மணல், உப்பு என்று அந்தத் தூரத்துக்குள் நிலம் நான்கு முறை மாறிவிடும்.

நான் பெருமுக்கல்லில் பிறந்தவன். இந்தச் சாலையின் மேற்குப் பாதிதான் எனக்குப் பழக்கம். பள்ளி, ஆஸ்பத்திரி, சந்தை, சென்னை ரயில் எல்லாமே திண்டிவனத்தில். கிழக்கே போவது மாசி மகத்துக்கு மட்டும். சாமி கடலாடும், நாங்களும் முங்கி எழுவோம், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். இந்தத் தை மாதம் ஒரு சனி, ஞாயிறு முழுச் சாலையையும் முனைக்கு முனை, ஊருக்குப் புதியவனைப் போலப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அப்படிப் போகப் பழகியது கொரியாவில்.

படிப்புக்காக அங்கே தேஜோன் நகரத்தில் இருந்த இரண்டு வருடமும், கையில் காசு சேர்ந்த வாரக் கடைசிகளில் ரயிலேறிப் புசானுக்குப் போவேன். புசான் என்ற பெயரில் ‘பு’ என்பது பெரிய பானை, ‘சான்’ என்பது மலை. பானை போன்ற ஒரு மலையின் பெயர் ஊருக்கு ஆகிவந்தது. 1950 முதல் 1953 வரை நடந்த போரில் தென்கொரியாவின் தற்காலிகத் தலைநகரம் அது. வடக்கிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் லட்சக்கணக்கில் அந்த மலைச்சரிவுகளில் குடிசை போட்டார்கள். கடலோரத்தில் ஜகல்ச்சி மீன் சந்தை இருக்கிறது. போருக்குப் பிறகு அதை வளர்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

நான் முதல் முறை போன நாளில் மழை. சந்தைக் கூரையின் கீழே எங்கே நிற்பது என்று தெரியாமல் நனைந்துகொண்டிருந்தேன். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பாட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு, “பாப் மொகொஸ்ஸோ?” என்றார். சோறு தின்றாயா என்று அர்த்தம். எங்கள் ஊரில் வாசலில் நிற்கிறவரிடம் முதலில் கேட்பதும் இதைத்தானே? சுட்ட கானாங்கெளுத்தியும் ஒரு கிண்ணம் சோறும் வந்தன. நான் யார், எந்த நாடு என்ற கேள்வியெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வந்தது.

அன்று இரவு ரயிலில் திரும்பும்போது நினைவுக்கு வந்தது சிறுபாணாற்றுப்படை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த நூல். புதிய ஊருக்குப் போகும் ஒருவனுக்கு, எங்கெங்கே யார் யார் என்னென்ன சோறு போடுவார்கள் என்று சொல்லும் நூல் அது. அந்த வழி எங்கள் ஊர்ப்பக்கத்து வழி.

பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போக வழி சொல்கிறான். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, கடலோரத்தில் இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. பாட்டில் வரும் ஊர்கள் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கடைசியாக மன்னன் இருந்த கிடங்கில். எயிற்பட்டினம் மரக்காணம் என்றும், வேலூர் இன்றைய உப்புவேலூர் என்றும் அறிஞர்கள் கணிக்கிறார்கள். கிடங்கில் இப்போது கிடங்கல் என்ற பெயரோடு திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. பாணன் கடலிலிருந்து உள்நாட்டுக்கு வந்தான். நான் அவன் முடித்த இடத்தில் தொடங்கினேன்.

சனிக்கிழமை காலை கிடங்கலில் நடந்தேன். நல்லியக்கோடனின் கோட்டைக்கு அடையாளமாக நிற்பது பெரும்பாலும் ஊரின் பெயர்தான். அதுவே போதும் என்று பட்டது. ஒரு சிற்றரசனின் பெயர் இத்தனை நூற்றாண்டு தாங்கியதற்கு, அவன் புதியவர்களுக்குப் படைத்த சோறு காரணம். திண்டிவனம் என்ற பெயரும் சாப்பாட்டில் சேர்ந்ததுதான். திந்திரிணி என்றால் புளி, திந்திரிவனம் என்றால் புளியங்காடு. ஊரில் குடியிருக்கும் ஈசனுக்கும் திந்திரிணீஸ்வரர் என்றே பெயர்.

அங்கிருந்து பஸ். ஊர் எல்லை தாண்டியதும் நிலம் விரிகிறது. நெல் அறுத்த தாள், மல்லாட்டைக் கொல்லை, பனை வரிசை, தண்ணீர் இன்னும் வற்றாத ஏரிகள். தர்பூசணிக் கொடி இப்போதுதான் படர்கிறது. பங்குனி, சித்திரையில் இந்தப் பக்கத்துப் பழம் லாரி லாரியாகச் சென்னைக்குப் போகும். அப்படியே வந்துகொண்டிருக்கும்போது சமவெளியிலிருந்து திடீரென்று எழுந்து நிற்கிறது எங்கள் மலை.

பெருமுக்கல் மலையில் நான் நூறு முறை ஏறியிருப்பேன். ஆடு தேடி ஏறினேன், பரீட்சைக்குப் படிக்க ஏறினேன், கோபித்துக்கொண்டு ஏறினேன். பார்ப்பதற்கென்று ஏறியது இதுதான் முதல் முறை. உச்சியில் முக்தியாலீஸ்வரர் கோயில், சோழர் காலக் கட்டடம், சுவரெல்லாம் கல்வெட்டு. கோயிலைச் சுற்றிப் பிற்காலக் கோட்டையின் இடிந்த மதில்.

மலையில் ஒரு குகை இருக்கிறது. சீதை தங்கிய குகை என்று ஆயா சொல்வாள். அங்கே பாறையில் கீறல்கள் இருக்கின்றன. உருவங்களும் குறியீடுகளுமாக, உளி அறியாத காலத்து மனிதர்கள் கல்லால் கல்லைக் கீறிப் பதித்தவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சிறுவயதில் அவற்றின் மேல் உட்கார்ந்து பொரி தின்றிருக்கிறேன். இப்போது எதிரே மண்டியிட்டு, தொடாமல் வெகுநேரம் பார்த்தேன். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே எத்தனை நாள் உழைப்பு இருக்கும்! சொல்ல வந்தது எதுவோ, அதை மறக்கவிடக் கூடாது என்று ஒருவர் பிடிவாதமாக இருந்திருக்கிறார்.

மதில் மேல் நின்றால் இந்த மலைக்காக ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பது விளங்கும். மேற்கே திண்டிவனம், தெற்கே புதுச்சேரித் திசை, கிழக்கே வானம் துலங்கிய நாளில் ஒரு கோடாகக் கடல். புதுச்சேரிக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போரில், 1760 மார்ச் மாதம் அயர் கூட் என்ற ஆங்கிலத் தளபதி இந்தக் கோட்டையைப் பிடித்தார். கடலோரத்து ஆலம்பரைக் கோட்டையும் அதே ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போனது. பிறகு ஹைதர் அலியின் படை இங்கே முற்றுகையிட்டது. அந்தக் காலத்து ஆங்கில ஏடுகளில் எங்கள் ஊர் ‘பெர்மாகாயில்’. அவர்களும் வெளியூரார்தான். மலையைப் பிடித்தார்கள், பெயரைப் பிடிக்கத் தெரியவில்லை. புசான் பாட்டி என் ஊர்ப் பெயரை நான்கு முறை கேட்டு, ஐந்தாம் முறை சரியாகச் சொல்லிவிட்டுத்தான் மீன் வெட்டப் போனார்.

இரவு வீட்டில் அம்மா வயல் நண்டை நசுக்கி ரசம் வைத்திருந்தாள், சுடுசோற்றோடு. பாணனுக்கு ஆமூரின் உழவர் வீட்டில் கிடைப்பதும் வெண்சோறும் நண்டும்தான். கவிதைக்காக அம்மா செய்யவில்லை. அறுவடை முடிந்த வயலில் நண்டு கிடைத்தது, செய்தாள். நத்தத்தனார் எழுதியதும் அப்படித்தான் இருக்க வேண்டும். எந்த வீட்டில் எந்தப் பருவத்தில் எது வேகும் என்று தெரிந்த ஆளின் எழுத்து அது.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் மறுபடி பஸ். பிரம்மதேசம், முருக்கேரி, சிறுவாடி. முருக்கேரியில் இறங்கி டீ குடித்தேன். கடைக்காரர் “எந்த ஊருப்பா?” என்றார். பெருமுக்கல் என்றதும், “பெருமுக்கல்ல யாரு வூட்டுப் புள்ள?” என்று அடுத்த கேள்வி. தாத்தா பெயரைச் சொன்னேன். டீக்குக் காசு வாங்கவில்லை. தாத்தா இறந்து வருடம் பத்தாகிறது.

அடுத்த பஸ்ஸில் இடம் கொடுத்த அக்கா ஒரு மீன்காரர். காலி அன்னக்கூடைக்குள் தூக்கு ஒன்று வைத்திருந்தார். “கடல பாக்கவா போற? வேலை கீலை ஒண்ணும் இல்லியா?” என்று வியந்தார். பிறகு தூக்கைத் திறந்து, மூடியில் புளிச்சோறு வைத்து நீட்டினார். “வெறும் வயித்தோட கடலுக்குப் போவாத தம்பி. சாப்புடு.” வேலூரில் வேட்டுவரான எயினர் வீட்டுப் பெண்கள் பாணனுக்குக் கொடுப்பது புளி சேர்த்த சூடான சோறு. அக்காவிடம் அந்தப் பாட்டைச் சொன்னேன். “அப்பவும் புளிச்சோறுதானா?” என்று சிரித்தார்.

சிறுவாடி கடந்தால் மண் வெளுக்கிறது. சவுக்குத் தோப்பு, மணல், காற்றில் உப்பு. தெற்கே கழுவேலி விரிந்து கிடக்கிறது. மழைநீரும் கடல்நீரும் கலக்கும் பெரிய உவர்நீர் நிலை. சைபீரியா வரைக்கும் போய்வருகிற பறவைகள் பனிக்காலத்தை இங்கே கழிக்கின்றன. 2021 டிசம்பரில் இது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கொரியாவின் மேற்குக் கடற்கரைச் சேற்றுவெளிகளை 2021இல் யுனெஸ்கோ உலக இயற்கை மரபாக ஏற்றது. அங்கே உப்பளம் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போவார்கள். நம் பிள்ளைகளும் இந்தச் சேற்றின் ஓரம் ஒரு காலை முழுக்க நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

மரக்காணத்து உப்பளங்களில் மழைத்தண்ணீரை வடித்துவிட்டுப் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். சேற்றை அள்ளிச் சமன் செய்து, தரையைக் காலாலேயே மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் உவர்நீர் உள்ளே போய்விடும், உப்பில் மண் ஏறிவிடும். பிறகுதான் நீர் விட்டு, வெயிலுக்குக் காத்திருந்து, வாருவது. ஐப்பசி மழையோடு வேலை நின்றுபோகும். நாம் இலையில் கடைசியாக ஓர் ஓரத்தில் வைக்கும் பொருளுக்கு முதல் வேலை பாதத்தால் நடக்கிறது. ஊருக்குள் பூமீஸ்வரர் கோயில் சுவரில் இருக்கும் சோழர் கல்வெட்டுகளும் உப்பளங்களைப் பேசுகின்றன.

இங்கே இரண்டு வழிகள் முடிகின்றன. ஒன்று நான் வந்த சாலை. இன்னொன்று ஆந்திரத்திலிருந்து கடலை ஒட்டியே வரும் பக்கிங்காம் கால்வாய். பல நூறு கிலோமீட்டர் வந்து மரக்காணத்தருகே ஓய்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கினார்கள். 1876–78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த பசித்த மக்கள் தோண்டிய பகுதியும் அதில் உண்டு. ஒரு காலத்தில் படகுகள் அதில் உப்பும் விறகும் ஏற்றிப் போயின.

மூன்றாவது வழி கடல். முதல் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிய எரித்திரியக் கடற்பயண நூல் இந்தக் கரையின் துறைமுகங்களை வரிசையாகச் சொல்கிறது: காமரா, பொதுகே, சோபட்மா. சோ என்றாலும் எயில் என்றாலும் தமிழில் மதில். எனவே சோபட்மாவும் எயிற்பட்டினமும் ஒன்றே என்று கருதுவோர் உண்டு. நத்தத்தனார் இந்தப் பட்டினத்தில், அலை ஒதுக்கிய வாசமரங்கள் தூங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடப்பதாகப் பாடுகிறார். ஒட்டகம் இந்த மண்ணின் விலங்கு இல்லை. எங்கிருந்தோ வந்த யாரோ அதைக் கொண்டுவந்தார்கள் அல்லது சொன்னார்கள், இங்கே ஒருவர் காது கொடுத்துக் கேட்டார். அந்த மரத்தை விறகாக்கி நுளைச்சியர் காய்ச்சிய கள்ளும், சுட்ட குழல் மீனும் பாணனுக்கு இங்கே கிடைத்தன.

குப்பத்து மணலில் ஏலம் முடிந்து, அக்காவின் கூடை சங்கராவும் நெத்திலியுமாக நிரம்பியிருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் தென்னை மட்டை கொளுத்திக் கவலை மீன் சுட்டார்கள். ஒன்று என் கைக்கு வந்தது. சூடு தாங்காமல் கைமாற்றிக் கைமாற்றித் தின்றேன். புசானில் மழைக்கு ஒதுங்கியவனுக்குக் கிடைத்ததும் இதுதான். அந்தப் பாட்டிக்கு நான் பட்ட கடனை அவரிடமே அடைக்க முடியாது. பாணன் அடைத்த விதம் ஒன்று இருக்கிறது: எதிரே வருகிறவருக்கு வழி சொல்வது.

சொல்கிறேன். தை, மாசியில் வாருங்கள். கிடங்கலில் தொடங்கி, பெருமுக்கல்லில் இறங்கி, வெயிலுக்கு முன் மலை ஏறுங்கள். குகைக் கீறல்களைக் கண்ணால் மட்டும் தொடுங்கள். முருக்கேரியில் டீ குடியுங்கள், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் தாத்தா பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். உப்பளத்தில் வரப்பின் மேலேயே நடங்கள், மிதித்த பாத்தியில் கால் வைக்காதீர்கள். முதல் பஸ்ஸில் உட்காரும்போது மட்டும் காலுக்குக் கீழே கொஞ்சம் இடம் விடுங்கள். அடுத்த நிறுத்தத்தில் ஓர் அக்கா கூடையோடு ஏறுவார்.